பத்துக் கட்டத்தில் பைசாவுக்கு எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம். வங்கிச் செலானை நினைத்துக்கொள்ளுங்கள். தொகை எழுத மொத்தம் பத்துக் கட்டம், அதில் கடைசி இரண்டு பைசாவுக்கு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'நியூமெரிக் பத்து கமா இரண்டு' என்பது இதேதான். டேபிளில் ஒரே வகைத் தகவல் நிற்கும் வரிசையை ஆங்கிலத்தில் 'காலம்' (column) என்பார்கள்; அது நேரமோ என்று காதில் குழம்பும், அதனால் நெடுவரிசை என்றே சொல்கிறேன்.

வரி, வட்டிக் கணக்குக்குப் பைசாவில் நான்கு இலக்கம் வேண்டும் என்பார்கள். உடனே 'பத்து கமா நான்கு' என்று மாற்றுவார்கள். கூட்டியது போலத்தான் தெரியும். ஆனால் மொத்தம் அதே பத்து! ரூபாய்ப் பக்கம் எட்டிலிருந்து ஆறாகச் சுருங்கிவிட்டது. பத்து லட்சம் நுழையாது. அப்படி ஒரு தொகை ஏற்கெனவே இருந்தால், மாற்றும் கட்டளையான ஆல்டர் பிழை காட்டி நிற்கும், அது நல்லது. இல்லாவிட்டால்தான் வம்பு. மாற்றம் அமைதியாக முடிந்து, என்றோ ஒருநாள் பெரிய பில் வரும்போது விற்பனை நிற்கும். மறுபடி சொல்கிறேன், முதல் எண் ரூபாய்க்கு இல்லை, மொத்தத்துக்கு. கேட்க வேண்டியது பன்னிரண்டு கமா நான்கு.

பைசாவைத் தொடாமல் மொத்தத்தை மட்டும் கூட்டினால், 9.2 பதிப்பு முதல் நொடியில் முடிகிற வேலை. பைசா இலக்கத்தைத் தொட்டால் டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படும். 200 ஜிபி டேபிளுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு 200 ஜிபி காலியிடம் வேண்டும். முடியும்வரை யாரும் அதைப் படிக்கக்கூட முடியாது.

நொடி வேலைக்கும் டேபிளை மற்றவர்கள் தொடாதபடி பிடிக்கும் பூட்டு வேண்டும், அதை மறக்காதீர்கள். நீண்ட ரிப்போர்ட் ஒன்று ஓடினால் ஆல்டர் அதன் பின்னால் காத்திருக்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்டும், அதாவது தரவைப் படிக்கும் கட்டளையும், ரேஷன் வரிசை மாதிரி நிற்கும். ஆகவே பூட்டுக்குக் காத்திருக்கும் நேர வரம்பான லாக் டைம்அவுட்டை இரண்டு நொடியாக வையுங்கள். கிடைக்காவிட்டால் விலகி, பிறகு முயலலாம்.

பெரிய டேபிளுக்கு வழி வேறு. புது நெடுவரிசையைக் காலியாகச் சேருங்கள். முதலில் ட்ரிகர், அதாவது பழையதில் எழுதுவதைப் புதியதிலும் தானாக எழுதும் ஏற்பாடு; பிறகுதான் பழைய பதிவுகளில் அதை நிரப்புவது. மாற்றிச் செய்தால் இடையில் திருத்தப்பட்டவை தப்பிவிடும். ஐயாயிரம் ஐயாயிரமாக நிரப்பி, ஒவ்வொரு முறையும் கமிட் செய்து உறுதியாக்குங்கள். பழைய, புதிய நெடுவரிசை இரண்டையும் ஒப்பிட்டபின், எல்லாம் சேர்ந்தே நடக்கும் ஒரே டிரான்சாக்‌ஷனில் பழையதன் பெயரை மாற்றி, அந்தப் பெயரைப் புதியதற்குக் கொடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. குறைப்பது பற்றி ஒரே வரி: பைசா இலக்கத்தைக் குறைத்தால் போஸ்ட்கிரெஸ் கேட்காமலே தொகையை ரவுண்ட் செய்துவிடும். பெயர் மாற்றும் வழியில் இன்னொன்று: வியூக்கள், அதாவது டேபிளைப் படிக்கச் சேமித்துவைத்த வினவல்கள், பெயர் மாறிய பிறகும் பழைய நெடுவரிசையையே படிக்கும். அதை நீக்கும் முன் அவற்றைத் திரும்ப உருவாக்குங்கள். வணக்கம்.