ஒரு டர்னர் ஏன் கட்சி தொடங்கினார்?

(மதுரை கப்பலூரில் மே தினக் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, தாய்மார்களே! லேத் மெஷினில் இரும்பு கடைகிற டர்னர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் தொழில்காரர் ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பிரேசில் நாட்டு லூலா. 1945ல் வறண்ட வடகிழக்கில் பிறந்து, சின்ன வயதில் அம்மாவோடு லாரியில் 13 நாள் பயணம் செய்து, சாவோ பாலோ பக்கம் பிழைக்க வந்தவர். டர்னர் வேலை கற்றார். ராத்திரி ஷிப்டில் மெஷினில் சிக்கி இடது கைச் சுண்டுவிரல் போனது.

1975ல் உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவரானார். நடந்தது ராணுவ ஆட்சி. 1973ன் விலைவாசி உயர்வைக் குறைத்துக் காட்டி அரசு சம்பளத்தை நிர்ணயித்தது 1977ல் அம்பலமானது. நம்ம பஞ்சப்படிக் கணக்கிலேயே கைவைத்த மாதிரி! 34.1 சதவீதம் பாக்கி என்றது சங்கம். 1978 மே மாதம் ஸ்கேனியா லாரி ஆலைத் தொழிலாளிகள் வேலைக்கு வந்தார்கள், மெஷின் முன்னால் நின்றார்கள், சுவிட்சைப் போடவில்லை.

அப்புறம் 1979 மார்ச் வேலைநிறுத்தம். கால்பந்து மைதானம் கொள்ளாத கூட்டம். ஒழுங்கான மேடை இல்லை, மைக் இல்லை. லூலா ஒரு மேஜை மேல் ஏறிப் பேசினார். முன்னால் இருந்தவர்கள் கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்ல, அடுத்த வரிசை அதை வாங்கிப் பின்னால் கொடுத்தது. தமுக்கத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நீட்டி முழக்கினால் பேச்சு பாதி வழியிலேயே சிதைந்துவிடும். பின்வரிசைக்காரர் வாயில் நிற்கிற மாதிரிச் சின்னதாகச் சொல்ல வேண்டும். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

அரசியலே வேண்டாம் என்றிருந்தவர் அவர். நாடாளுமன்றத்துக்குப் போய்ப் பார்த்தார். சட்டம் போடுகிற இடத்தில் தொழிலாளிகளைத் தேட வேண்டியிருந்தது. 1980 பிப்ரவரியில் தொழிலாளர் கட்சி பிறந்தது. ஏப்ரலில் கைது, 31 நாள் சிறை. அம்மா இறந்தது அப்போதுதான். போலீஸ் காவலோடு அடக்கத்துக்கு வந்தார். ஜனாதிபதித் தேர்தலில் 1989, 1994, 1998 என்று மூன்று தோல்வி. 2002ல் ஜெயித்தார்.

அவர் ஆட்சியில் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்த ஊழல் 2005ல் வெடித்தது. கூட இருந்து கட்சி கட்டியவர்களே பிற்பாடு தண்டனை பெற்றார்கள். அது பெரிய வலி.

மதுரைக்கும் இந்தப் பாதை தெரியும். சிறையில் இருந்த தொழிற்சங்கத் தலைவர் பி. ராமமூர்த்தியை 1952ல் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. 1957ல் இன்னொரு சங்கத் தலைவர் கே.டி.கே. தங்கமணியை மக்களவைக்கு அனுப்பியது. ஆனால் அவர்கள் படித்துவிட்டுச் சங்கத்துக்கு வந்தவர்கள். லேத்திலிருந்தே கிளம்பியவர் எத்தனை பேர்? கூட்டத்தில் பேசத் தயங்காத ஒரு பையனையோ பெண்ணையோ அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிறுத்துங்கள். செலவுக்கு நான் துண்டேந்தி வருகிறேன்.