கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால்

வணக்கம் நேயர்களே.

அருங்காட்சியகம் என்றதும் நம்மில் பலருக்குத் தமிழ்ப்பள்ளிச் சுற்றுலாதான் ஞாபகம் வரும். பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையாக உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெளியே மர நிழலில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் முடிந்தது. எனக்கும் அந்த இடத்தின் மேல் பைத்தியம் பிடித்தது பார்க்கப் போனபோது இல்லை, வேலை செய்யப் போன பிறகுதான்.

கோலாலம்பூரின் தேசிய அருங்காட்சியகமான மூசியம் நெகாரா 1963 ஆகஸ்டு 31-இல் திறக்கப்பட்டது. அதே இடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945-இல் நேசப்படை விமானங்கள் போட்ட குண்டில் அது சிதைந்தது. இன்று அங்கே வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுகிறவர்களில் தன்னார்வலர்களும் உண்டு. பயிற்சி எடுத்துக்கொண்டு, சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள். நானும் அந்த வேலையில்தான் தொடங்கினேன்.

அங்கே எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவரின் வெண்கலச் சிலை ஒன்று உண்டு. 1936-இல் பேராக், பீடோரில் ஓர் ஈயச் சுரங்கத்தில் கிடைத்தது. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "தோண்டி எடுத்த ஆள் யாரும்மா?" அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

அப்புறம் தொழிற்பயிற்சிக்கு ஒரு சிறிய சேகரிப்பின் கிடங்குக்குப் போனேன். அங்கே பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில் மட்டும்தான். மை சிந்திவிட்டால் எடுக்க முடியாதே. உலோகத்தைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, வியர்வையில் இருக்கும் உப்பு அரித்துவிடும். பொருளின் மேல் நேரடியாக எண் எழுதுவதும் இல்லை. நிறமில்லாத பூச்சு ஒன்றை மெல்லியதாகத் தடவி, காய்ந்த பிறகு அதன் மேல்தான் எழுதுவார்கள். பின்னாளில் வேண்டாம் என்றால் பொருளுக்குச் சேதமில்லாமல் துடைத்துவிடலாம். நமக்குப் பின்னால் வரப்போகும் யாரோ ஒருவரை நினைத்துச் செய்யும் இந்த ஒழுங்கு எனக்கு ரொம்பவும் பிடித்துப்போனது.

ஒரு நாள் என் மேசைக்கு வந்தவை ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் ஒரு பால்வெட்டுக் கத்தி, பால் பிடிக்கும் இரண்டு மங்கு, ஒரு பால்வாளி. கத்தியின் மரப்பிடியில் பழைய துணி சுற்றியிருந்தது. துணி விலகிய இடத்தில், கட்டைவிரல் அழுந்தி அழுந்தி மரமே குழிந்திருந்தது. பதிவு அட்டையில் 'கத்தி, இரும்பு, மரப்பிடி' என்று மட்டும் இருந்தது. எந்தத் தோட்டம், யாருடைய கை, எந்தக் காலம் என்று எதுவும் இல்லை.

அனுமதி வாங்கிப் படம் எடுத்து என் பாட்டியிடம் காட்டினேன். இருட்டோடு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மரத்தில் பால் வெட்டி முடித்தவர் அவர். வெயில் ஏறினால் பால் சரியாக ஓடாது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது இடதுகைக்காரர் கத்தி, தேய்மானத்தைப் பாரு" என்றார். மறுநாள் அதை, பாட்டி சொன்னது என்று தேதி போட்டு அட்டையில் சேர்த்தோம். இந்த வேலையை விட்டு இனிப் போவதில்லை என்று நான் முடிவெடுத்தது அன்றுதான்.

1834-இல் ஜேம்ஸ் லோ என்பவர் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவனின் பெயரும் அவன் ஊரும் அதில் உள்ளன. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் வந்தவனின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் தாத்தா காலத்தில் அந்தக் கத்தியால் பால் வெட்டியவரின் பெயர் தெரியவில்லை. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகளே, விடுமுறையில் பக்கத்தில் இருக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய், தன்னார்வலராகச் சேர முடியுமா, தொழிற்பயிற்சிக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். வரலாறு படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கிடங்கில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வேதியியல் படித்தவர்.

வீட்டில் பழைய கத்தியோ வெற்றிலைப் பெட்டியோ தோட்டத்துச் சம்பளச் சீட்டோ இருந்தால், ஒரு தாளில் பென்சிலால் எழுதுங்கள்: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வாக்கில். தாளைப் பருத்தி நூலால் பொருளோடு கட்டிவையுங்கள். செலோட்டேப் மட்டும் வேண்டாம், பசை கறையாகப் படிந்துவிடும். கேட்டு எழுத வேண்டியவர்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே உட்காருங்கள்.

நன்றி, வணக்கம்.