மேலே ஏறுமுன் பலகையைப் படியுங்கள்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். நம் மலேசியாவில் வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீட்டையோ இரண்டு வீடுகளையோ வாங்கி வைத்திருப்பவர்களையும், ஓய்வு பெற்றதும் ஊழியர் சேமநிதிப் பணத்தில் அப்படி ஒன்றை வாங்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்களையும் மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். பெரிய முதலீட்டாளருக்குக் கணக்காளர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. நம்மிடம் இருப்பது ஒரு பழைய கோப்பும் ஒரு சாவிக்கொத்தும்தான்.

வீடு பார்க்கப் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில்தான் போகிறோம். முகவர் சன்னல்களைத் திறந்து வைத்திருப்பார். புதிய சாயத்தின் மணம் வரும். நமக்கும் மனம் இளகிவிடும். ஆனால் மின்தூக்கியில் ஏறுவதற்கு முன், கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைப் பல இடங்களில் அங்கேதான் ஒட்டுகிறார்கள். அது ஒரு தாளில் முடிகிறதா, நான்கு தாள்களுக்கு நீள்கிறதா என்று பாருங்கள். நான்கு தாள் என்றால், இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று எந்நேரமும் பழுதாக நிற்கும் கட்டடத்துக்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். 2015 ஜூன் முதல் நடப்பில் இருக்கும், அடுக்குமாடிக் கட்டடங்களின் நிர்வாகத்துக்கான ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்படி, பராமரிப்புக் கட்டணத்தின் பத்தில் ஒரு பங்குக்குச் சமமான தொகையை ஒதுக்கு நிதியாகத் தனியே செலுத்த வேண்டும். கட்டடத்துக்குச் சாயம் பூசவும் பெரிய பழுதுகளைச் சரிசெய்யவும் சேரும் பணம் அது. பாதிப் பேர் கட்டாத இடத்தில் அந்த நிதி எங்கிருந்து சேரும்? ஏலத்தில் வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும்: பழைய பாக்கி யார் தலையில் விழும் என்பது ஏல நிபந்தனைகளில் எழுதியிருக்கும், அந்த வரியைப் படிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பலகையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடியில் எனக்கு ஒரு சிறிய வீடு இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தம்பதியர் அதில் குடியிருந்தார்கள். ஒரு நாள் இரவு பத்தரைக்கு அந்தப் பெண் அழைத்து, "டீச்சர், குளியலறையில மேலேயிருந்து தண்ணி சொட்டுது, வாளி வெச்சிருக்கோம்" என்றார். மறுநாள் பத்தாவது மாடிக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் கதவை அகலத் திறந்து, "தரை காய்ஞ்சுதானே இருக்கு, பாருங்க" என்றார். பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. நான் செய்த தவறு என்னவென்றால், ஆளைக் கூப்பிட்டுக் கூரையைப் பூசிச் சாயம் அடித்ததுதான். மூன்றே வாரத்தில் அதே இடத்தில், தேநீர்க் கோப்பையை வைத்தெடுத்தது போல் பழுப்பு வட்டம் திரும்பி வந்தது. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் வந்தது. நான்காம் மாதம் அந்தப் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வீட்டைக் காலி செய்தார்கள்; அதன் பின் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது.

பிறகுதான் ஒருவர் எனக்கு விதியைச் சொன்னார். கூரையில் ஈரம் கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை கோளாறு மேல் வீட்டில்தான் என்றே விதிமுறை கொள்கிறது. எழுத்தில் புகார் கொடுத்தால் ஏழு நாள்களுக்குள் நிர்வாகம் வந்து பரிசோதிக்க வேண்டும். எழுத்தில், நேயர்களே, வாய்ச்சொல்லாக அல்ல. நான் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான சாப், அதாவது முத்திரை, வாங்கிக்கொண்டேன். மேல் வீட்டுத் தரை ஓடுகளைப் பெயர்த்தபோது, அடியில் கழிவுக்குழாயின் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அவர் சொன்னபடி தரை காய்ந்திருந்தது உண்மைதான். தண்ணீர் ஓட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே கணக்குப் போடும்போது, மாதம் 1,000 ரிங்கிட் வாடகை என்றால் ஆண்டுக்கு 12,000 என்று எழுதாதீர்கள். இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கலாம் என்று வைத்து 10,000 என்று எழுதுங்கள். அதிலிருந்து பராமரிப்பு, உள்ளாட்சி மன்றத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கட்டும் மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவது வங்கித் தவணைக்குப் போதவில்லை என்றால், சம்பளத்திலிருந்து எத்தனை மாதம் ஈடுகட்ட முடியும் என்பதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சை வாங்குவதற்கு முன் பேசுவதே நல்லது. பின்னால் பேசினால் சண்டையில்தான் முடியும்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் விரலைக் காட்டுகிறார்; எனவே மீதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பவர் வாடகை தரவில்லை என்பதற்காகப் பூட்டை மாற்றாதீர்கள். நீதிமன்றம் போகாமல் ஒருவரை வெளியேற்ற 1950ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டமே இடம் கொடுப்பதில்லை. இரண்டு மாத வைப்புத்தொகையை உறவுக்காரர் என்று பார்த்துக் குறைக்காதீர்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுங்கள். விற்பதாக இருந்தால், குடிமக்களுக்கு முதல் மூன்று ஆண்டுகளில் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டு முதல் இல்லை. அந்த ஆண்டுகளைப் பொதுவாக வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள், சாவி கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. நன்றி, வணக்கம்.