மூன்றாவது வரியை அடித்துவிடுங்கள்

(பழனி மலை ஊர்களின் மாணவர்கள் கொடைக்கானலில் கூட்டிய கூட்டத்தில் பேசியது, பேசியபின் எழுதித் தந்த வடிவம்.)

அன்புள்ள மாணவர்களே, அவர்களோடு வந்திருக்கும் பெற்றோர்களே,

ஐ.நா.வின் அடுத்த காலநிலை மாநாட்டுக்குப் போகவிருக்கும் தலைவர்களுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை நேற்று மாலை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு முறை படித்தேன். பூம்பாறை மாணவி பூண்டைப் பற்றி எழுதியிருக்கும் பத்தி என்னை வெகுநேரம் தூங்கவிடவில்லை. அறுவடைக்கு நின்ற வயலில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்ததையும், பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகியதையும், அந்த வாடையைத் தாங்க முடியாமல் அவளுடைய அப்பா ஜன்னலைச் சாத்திக்கொண்டதையும் எழுதியிருக்கிறாள். நானும் பூண்டு வீட்டுப் பெண்தான். அடுப்புப் புகைக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட பூண்டுக்குக் கீழே உட்கார்ந்து பாடம் படித்தவள். அந்த வாடை எனக்குத் தெரியும்.

ஆனால் கடிதத்தின் மூன்றாவது வரி எனக்கு உடன்பாடில்லை. "பெரியவர்களே, தயவுசெய்து எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்தேன்.

1994, 2006, 2018. இந்த மூன்று ஆண்டுகளைச் சொன்னால், இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் குறிஞ்சி பூத்த ஆண்டுகள் என்று உடனே சொல்லிவிடுவார்கள். நம் மலையின் பழங்குடிகளான பளியர்கள் தங்கள் வயதையே குறிஞ்சியை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு. இரண்டு குறிஞ்சி கண்டவன், ஐந்து குறிஞ்சி கண்டவள் என்று. மலைநிலத்துக்கே இந்தப் பூவின் பெயரை வைத்தவர்கள் நம் முன்னோர். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு நமக்குப் புதிதில்லை.

அந்தக் கணக்கில் உலகத் தலைவர்களின் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்ற உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1994 மார்ச்சில். அந்த ஆண்டு நம் மலையில் குறிஞ்சி பூத்தபோது, காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 359 பங்கு, பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு இருந்தது. இதை ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958 முதல் அளந்துவருகிறார்கள். 2006இல் பூத்தபோது 382. 2018இல் 409க்கு அருகில். அடுத்த பூவுக்குப் பாதி தூரம் வந்த 2024இலேயே 424ஐத் தாண்டிவிட்டது. முதல் இடைவெளியில் ஏறியது 23, அடுத்ததில் 27, அதற்கடுத்த ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய 16. குறைப்போம் என்று ஒப்புக்கொண்டு கூடிய பிறகு ஏறிய ஏற்றம் இது.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் அந்த உடன்படிக்கைக்காகத் தலைவர்கள் கூடியபோது, கனடாவிலிருந்து வந்த செவர்ன் கல்லிஸ் சுசுகி என்ற சிறுமி மேடையேறினாள். தோழிகளோடு சேர்ந்து தாங்களே பணம் திரட்டிக்கொண்டு வந்தவள். உங்களுக்குச் சரிசெய்யத் தெரியாவிட்டால் தயவுசெய்து உடைப்பதையாவது நிறுத்துங்கள் என்றாள். மண்டபம் அமைதியாகிவிட்டது, பிறகு கைதட்டியது. அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. ஒரு குறிஞ்சி வயது. இன்று அவர் நடுவயதுப் பெண்மணி.

2018 ஆகஸ்டில், நம் சரிவுகள் நீலமாகிக் கொண்டிருந்த அதே நாட்களில், ஸ்டாக்ஹோமில் நாடாளுமன்றத்துக்கு வெளியே பதினைந்து வயது கிரேட்டா துன்பர்க் பள்ளிக்குப் போகாமல், காலநிலைக்கான போராட்ட அட்டையோடு தனியாக உட்கார்ந்தாள். குறிஞ்சி வாடி முடிந்த நவம்பரில் நம் மலைமேல் கஜா புயல் ஏறியது. பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் வாழையும் காபித் தோட்டத்து நிழல் மரங்களும் சாய்ந்து கிடந்ததை இங்கே இருக்கும் பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் மலையில் புயலா என்று கேட்டுக்கொண்டே மின்சாரம் இல்லாமல் நாட்களைக் கழித்தோம். 2021இல் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினாள். இஸ்திரி வண்டியில் கரி எரிப்பதைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் வண்டியை வடிவமைத்தவள். வெற்று வாக்குறுதிகளைக் கேட்டு என் தலைமுறை கோபத்தில் இருக்கிறது என்று தலைவர்களின் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த அரங்கிலும் கைதட்டல் பலமாக இருந்தது.

அந்தக் கைதட்டலைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. கண்ணீரோடு பேசும் குழந்தைக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். காப்பாற்றுங்கள் என்று கேட்பவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம். கணக்குக் கேட்பவரை அப்படி அனுப்ப முடியாது.

பசிபிக் தீவு மாணவர்களின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2019இல் வனுவாட்டுவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்வி வளாகத்தில், 27 மாணவர்கள் வகுப்பில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். கடல் தங்கள் தீவுகளுக்குள் ஏறிவருகிறது. இதற்குச் சட்டத்தில் வழி என்ன? நாடுகளுக்கான ஐ.நா.வின் பன்னாட்டு நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு மாணவர் போய் அந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது, ஐ.நா. பொதுச்சபை கேட்க வேண்டும். ஆகவே தங்கள் பகுதி அரசுகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு முன்வந்தது. நாடு நாடாக ஆதரவு திரட்டினார்கள். 2023 மார்ச் 29 அன்று பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாகத் தீர்மானத்தை ஏற்றது. 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரில் அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒரே குரலில் கருத்துச் சொன்னார்கள்: காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை, அதை மீறுவது பன்னாட்டுச் சட்டப்படி தவறான செயல், மீறியவர்கள் இழப்பீடு தரவேண்டி வரலாம்.

அது ஆலோசனைக் கருத்துதான், நாளையே யாரையும் கட்டாயப்படுத்தாது. இருந்தாலும் எந்த நாட்டு நீதிமன்றத்திலும் அதை எடுத்துக் காட்டி வாதாடலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2024இல், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. உரிமை என்று நீதிமன்றமே சொன்ன பிறகு நாம் ஏன் தயவு கேட்க வேண்டும்?

உங்களிடம் பெரியவர்கள் இரண்டு பதில்கள் சொல்வார்கள். சூரியனே சூடாகிவிட்டது, மனிதன் என்ன செய்வான் என்பது ஒன்று. இதைக் கொடைக்கானல் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பஞ்சங்களுக்குப் பிறகு, சூரியனைக் கவனித்தால் பருவமழையைப் புரிந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் 1899இல் நம் ஊரில் சூரிய ஆய்வகம் எழுந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலான சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. செயற்கைக்கோள்கள் சூரியன் தரும் ஆற்றலை 1970களின் இறுதியிலிருந்து அளக்கின்றன. அது கூடிக்கொண்டே போகவில்லை. பூமியின் வெப்பம் மட்டும் கூடியிருக்கிறது.

இன்னொரு பதில்: நீ முதலில் ஒரு மரம் நடு. சொல்பவரின் மனம் நல்லதாக இருக்கலாம். ஆனால் மரம் நட்டு நம் மலை பட்ட பாட்டைப் பாருங்கள். புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து, சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் பைனையும் வரிசை வரிசையாக நட்டார்கள். மழைநீரைப் பஞ்சுபோல் வாங்கி வைத்து ஓடைகளுக்கு மெல்லக் கசியவிட்டவை அந்தப் புல்வெளியும் சோலையும்தான். குறிஞ்சியின் வீடும் அந்தப் புல்வெளியே. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காட்டுக்குள் போய்த் தேடுங்கள், ஒரு குறிஞ்சிச் செடி கிடைக்கிறதா என்று. நடுவதற்கும் அறிவு வேண்டும், அதைவிட நிலக்கரியை எரிப்பதைக் குறைக்கும் முடிவு வேண்டும். அந்த முடிவு உங்கள் கையில் இல்லை, அவர்கள் கையில் இருக்கிறது.

அப்படியானால் என்ன எழுதுவது? 2030ஐ எழுதுங்கள். தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தைய அளவிலிருந்து 1.5 டிகிரிக்குள் வெப்ப ஏற்றத்தை நிறுத்த முயல்வோம் என்று 2015இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அது நடக்க வேண்டுமானால், கரியமில வாயு போன்று வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுங்குடில் வாயுக்களின் உலக வெளியீடு 2019இன் அளவிலிருந்து 2030க்குள் 43 சதவீதம் குறைய வேண்டும் என்று ஐ.நா.வின் அறிவியல் குழு சொல்லியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு மட்டும் தனியாக அந்த 1.5ஐத் தாண்டிவிட்டது. பணக்கார நாடுகளுக்கு எழுதும்போது பழைய கடனையும் கேளுங்கள். நம்மைவிட ஆளுக்குப் பல மடங்கு புகைவிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நம் நாட்டுத் தலைவர்களுக்கும் எழுதுங்கள். 2030க்குள் மின் நிறுவுதிறனில், அதாவது மின் நிலையங்களால் ஆக்கக்கூடிய அளவில், பாதி நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் சாராததாக இருக்கும் என்று வாக்களித்த இந்தியா, 2025இலேயே அதை எட்டிவிட்டதாக அறிவித்தது. நாள் குறித்த வாக்குறுதியை நிறைவேற்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று. பாராட்டிவிட்டு, நாம் உண்மையில் எரிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது, அது எந்த ஆண்டு எவ்வளவு குறையும் என்று கேளுங்கள்.

2018இல் பிறந்த பிள்ளைகள் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பிறந்த ஆண்டில் விழுந்த விதை, இப்போது மன்னவனூர்ப் பக்கத்துச் சரிவுகளில் செடியாக நிற்கிறது. அது பூக்கும்போது இவர்களுக்குப் பன்னிரண்டு வயது. ரியோவில் நின்ற அந்தச் சிறுமியின் வயது.

கடிதம் அந்த மேசையில் இருக்கிறது. மூன்றாவது வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "2015இல் பாரிஸில் நீங்கள் ஒப்புக்கொண்டதில், 2030இல் எங்கள் மலையில் குறிஞ்சி பூக்கும்போது எவ்வளவு நிறைவேறியிருக்கும் என்று ஆண்டுவாரியாக எங்களுக்கு எழுத்தில் தாருங்கள்." பூண்டைப் பற்றிய பத்தியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். புதிய வரி ஏறியதும் பேனாவை என்னிடம் கொடுங்கள், உங்கள் பெயர்களுக்குக் கீழே நானும் கையெழுத்துப் போடுகிறேன்.