ராமன் விளைவு: பேச்சுப் போட்டிகளில் விடுபடும் பெயர்கள்

இரவு ஒன்பது மணி. கல்கத்தாவில் ஒரு வீட்டில் இரண்டு ஆய்வாளர்கள் சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று அவர்களுடைய பேராசிரியரே வாசலில் வந்து நின்று கூப்பிடுகிறார். காலையில் பார்த்தது, இத்தனை நாளாகத் தேடிய விளைவேதான் என்று சொல்ல அவரால் விடியும்வரை பொறுக்க முடியவில்லை!

1928 பெப்ரவரி 7. வந்தவர் சி. வி. ராமன். வீட்டில் இருந்தவர்கள் கே. எஸ். கிருஷ்ணனும் எஸ். வெங்கடேஸ்வரனும். கிருஷ்ணன் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து பேசுகிறேன். நம் வன்னிப் பாடசாலைகளின் பேச்சுப் போட்டிகளில் இந்தக் கதை எப்படி வருகிறது? ராமன் கப்பலில் போனார், நீலக் கடலைப் பார்த்தார், ராமன் விளைவைக் கண்டுபிடித்தார், நோபல் பரிசு வாங்கினார். கைதட்டல்.

அந்தப் பயணம் 1921இல். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதை வைத்துத்தான் கடலின் நீலத்தை அவர் விளக்கினார். அந்தச் சிதறலில் ஒளியின் அலைநீளம், அதாவது அதன் நிறம், மாறுவதில்லை. ராமன் விளைவில் மாறுகிறது. இடையில் ஏழு வருட உழைப்பு. வழியில் சில தடயங்கள் கிடைத்தன. 1923இல் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் தூய்மைப்படுத்திய திரவங்களிலும் ஒரு மங்கலான ஒளியைக் கவனித்தார். 1928 ஜனவரியில் வெங்கடேஸ்வரன் கிளிசரினில் பச்சை நிற ஒளியைக் கண்டார். அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆய்வுக்கு வந்தவர்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். சூரிய ஒளியைத் தொலைநோக்கியின் வில்லையால் குவிக்கிறார்கள். அதை நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் விடுகிறார்கள். பக்கவாட்டில் கண்ணுக்கு முன்னே இன்னொரு வடிகட்டி. நீல ஊதாவை அது முழுதாகத் தடுத்துவிடும். ஒளி நிறம் மாறாவிட்டால் அங்கே இருட்டுத்தான் தெரிய வேண்டும். ஆனால் மங்கலாக ஓர் ஒளிக்கோடு தெரிந்தது! கருவி என்று பார்த்தால் அவர்களுடைய கண்தான். ஏறக்குறைய 60 திரவங்களைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அது இருந்தது.

மொஸ்கோவில் லாண்ட்ஸ்பேர்க், மண்டெல்ஸ்டாம் என்ற இரண்டு ஆய்வாளர்களும் அதே பெப்ரவரியில் படிகங்களில் இதைக் கண்டார்கள். கல்கத்தாக்காரர்கள் முந்தி வெளியிட்டார்கள்.

1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. ராமன் கிருஷ்ணனின் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார் என்றே சிலர் பதிவுகளில் எழுதுகிறார்கள். 'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31இல் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. நோபல் உரையில் ராமன் கிருஷ்ணனையும் ராமநாதனையும் வெங்கடேஸ்வரனையும் குறிப்பிடுகிறார். திருடியவர் இப்படியா செய்வார்? கேள்வி கேட்க வேண்டுமானால் பரிசுக் குழுவைக் கேளுங்கள். கிருஷ்ணனையும் சேர்த்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தத் திருட்டுக் கதை கிருஷ்ணனுக்கும் அநியாயம்தான். அவரை ஏமாந்தவராக மட்டும் நிறுத்திவிடுகிறது. படிகங்களின் காந்தப் பண்புகளில் பெயர் பெற்றவர் அவர். 1940இல் லண்டனின் அறிவியல் சங்கமான ரோயல் சொசைட்டியின் உறுப்பினர். பிறகு டெல்லியில் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் பணிப்பாளர். இதில் ஒரு வரிகூட அந்தப் பதிவுகளில் வருவதில்லை.

கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா ஆசிரியர்களே, இம்முறை பேச்சு எழுதிக் கொடுக்கும்போது ராமன், கிருஷ்ணன், ராமநாதன், வெங்கடேஸ்வரன் என்று நாலு பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் பேசியதைப் பதிவு செய்து அனுப்பினால் அடுத்த காணொளியில் போடுகிறேன்.