ரத்தப் புற்றுநோய்க் கோப்பில் கண்ணுக்கு ஒரு பக்கம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ரத்தவியல் பேராசிரியப் பெருமக்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு கடிகாரத்தையும் காட்டிவிட்டுப் போன செயலாளர் அவர்களே, நோயாளிகளின் குடும்பத்தாரே, வணக்கம்.

நோய் கண்ணை என்ன செய்கிறது, மருந்து என்ன செய்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்பார்கள். எந்த மேடையிலும் நான் விடாத பழமொழி. இன்று பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

லுகீமியா என்னும் ரத்தப் புற்றுநோயில் விழித்திரை பாதிக்கப்படுவதைக் கண் மருத்துவர் லீப்ரைக் 1860களிலேயே எழுதிவிட்டார். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைகிறது, ரத்தசோகை வருகிறது, வெள்ளணு பெருகி ரத்தம் தடிக்கிறது. மெல்லிய நாளங்கள் தாங்குமா? நடுவில் வெள்ளையாக, சுற்றிலும் சிவப்பாகக் கசிவுகள் தெரியும்; ராத் புள்ளிகள் என்பார்கள்.

ஓர் இளைஞர். படிக்கும்போது எழுத்துகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு திட்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். போகவில்லை. கைபேசித் திரையைத் துடைத்தார். சரி, லென்ஸ்தான் கீறிவிட்டது என்று புதிதாக மாற்றினார். புது லென்ஸிலும் அதே திட்டு! மனைவிதான் சொன்னார், "ஒரு ஒரு கண்ணா மூடிப் பாருங்க." வலது கண்ணில் மட்டும் இருந்தது. கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பா விரிந்ததும் பார்த்தார். விழித்திரையின் நடுப்பகுதிக்கு முன்னால் படகு வடிவில் ரத்தம் தேங்கியிருந்தது. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா?" என்றார். வந்துகொண்டுதான் இருந்தது. அன்றே ரத்தப் பரிசோதனை. வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 1,00,000ஐத் தாண்டியிருந்தது. சிகிச்சை தொடங்கி ரத்தம் சீராக, கசிவும் மெல்ல வற்றியது.

அவருக்குத் திட்டு தெரிந்தது. கசிவு ஓரத்தில் இருந்தால் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. பார்வை நரம்புக்குள் புற்றணு புகுந்துவிட்டாலோ, பார்வை வேகமாகப் போகலாம். மூளைப் பக்கமும் நோய் பரவியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அப்போது ஓடுவது சூரிய நமஸ்காரம்தானே?

அதனால் கேட்கிறேன்: லுகீமியா என்று உறுதியானதுமே, புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாப்பாவை விரித்து ஒரு விழித்திரைப் பரிசோதனை. சில மணி நேரம் எழுத்து மங்கும், அவ்வளவுதான். முடிவு கோப்பில் ஏறட்டும்.

மருந்துகளைப் பற்றி... ஸ்டீராய்டால் வரும் கண்புரை, கண் அழுத்தம், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் கண் வறட்சி எல்லாம் தனிக் கூட்டமே போடலாம். தலைவர் மணியடித்துவிட்டார். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேராசிரியர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைக்குமாறு வேண்டுகிறேன். நன்றி.