கூரை மேலே ஒரு கம்பி

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியது. பேச்சை ஒட்டியே எழுதியிருக்கிறேன். ஓரிரு இடத்தில் ஆசையினால் நீண்டுவிட்டது.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, ஆலயத்து அறங்காவலர் அண்ணன் அவர்களே, தமிழ் தெரியாவிட்டாலும் இரண்டு மணி நேரமாகச் சிரித்த முகம் மாறாமல் உட்கார்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து காலையிலேயே கிளம்பி வந்திருக்கும் தேவாரக் குழுவினரே, அடுப்பை விட்டு நகர முடியாமல் பின்கட்டிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமார்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

அறங்காவலர் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். இந்த நாற்காலிகள் அவர் கொடுத்தவை. பந்தல் அவர் கொடுத்தது. இந்த மைக்கும் அவருடையதுதான். ஆகையால் கொர்ரென்று இரைந்தால் என்னை முறைக்காதீர்கள், அவரைக் கேளுங்கள். போன ஆண்டு விழாவிலும் இதே நன்றியைச் சொன்னேன். அடுத்த ஆண்டும் சொல்லும்படி அவர் நடந்துகொள்வார் என்று நம்புகிறேன். தேவாரக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. அப்பர் பதிகத்தைப் பாடும்போது உங்களில் இரண்டு பேர் கையில் தமிழ் எழுத்துப் புத்தகம் இருந்தது. மற்றவர்கள் ஆங்கில எழுத்தில் அச்சடித்ததைப் பார்த்துப் பாடினீர்கள். குறை சொல்லவில்லை, குரல் தேன். ஆனால் அந்த இரண்டு பேரை நான் எண்ணி வைத்திருக்கிறேன். பின்னால் வருவேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, வானொலி தொடங்கிய காலத்தில் வாரந்தோறும் வந்த நிகழ்ச்சிகள். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, வாரத்தில் இன்ன நாள் என்ற வழக்கம் எப்படி வந்தது. இரண்டு, அதற்குக் காசு யார் கொடுத்தார்கள். மூன்று, அந்தக் கால வானொலியில் பெண்கள் குரல். மூன்றாவதுதான் ருசியானது. அதனால் கடைசியில் வைத்திருக்கிறேன்.

என்னிடம் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பழமொழி இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை. 'கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம்.' என் ஆயா சொன்னது. வானொலியைப் பற்றிப் பேசும்போது இதைவிடப் பொருத்தமான பழமொழி இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

சரி, முதல் விஷயம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஃபிராங்க் கான்ராட் என்று ஒருவர். வெஸ்டிங்ஹவுஸில் பொறியாளர். தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு ஒலிபரப்புக் கருவியை வைத்துக்கொண்டு சோதனை செய்தார். பேசிப் பேசி வாய் வலித்ததோ என்னவோ, கிராமபோனை மைக் முன்னால் வைத்துவிட்டார். கேட்டவர்கள் விடுவார்களா? இந்தப் பாட்டைப் போடு, அந்த நேரத்தில் போடு என்று கடிதம் வந்து குவிந்தது. சமாளிக்க முடியாமல் புதன் இரவு, சனி இரவு என்று நாள் குறித்துவிட்டார். இசைத்தட்டுகள் தீர்ந்ததும் உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் இரவல் கொடுத்தார். கடைப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். சொன்னார். அவர் போட்ட தட்டுகளே கடையில் அதிகம் விற்றன. வானொலி விளம்பரம் எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால் அந்தக் கொட்டகையைக் காட்டுங்கள். 1920 நவம்பர் 2 அன்று அவர் வேலை பார்த்த நிறுவனமே கேடிகேஏ நிலையத்தைத் தொடங்கித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது.

இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. 1922 பிப்ரவரி 14 முதல் ரிட்டில் என்ற கிராமத்தில், ராணுவம் விட்டுப்போன ஒரு மரக்குடிசையிலிருந்து, செவ்வாய்க்கிழமை தோறும் அரை மணி நேரம். பீட்டர் எக்கர்ஸ்லி என்ற பொறியாளர். அவர் வேலை கருவியோடுதான், மைக்கோடு இல்லை. ஒரு செவ்வாய் ஊர் மதுக்கடையில் சாப்பிட்டுவிட்டு உற்சாகமாக வந்து, மைக்கைப் பிடித்துப் பாடியும் கேலி பேசியும் நேரத்தைத் தாண்டிவிட்டார். நடு நடுவே மூன்று நிமிடம் நிறுத்தி அரசாங்க உத்தரவு ஏதாவது வருகிறதா என்று கேட்க வேண்டும் என்பது விதி. அதையும் மறந்துவிட்டார். மேலிடம் கோபித்தது. கேட்டவர்கள் 'அந்த ஆளே வரட்டும்' என்று எழுதினார்கள். வாரம் அரை மணிதான். ஆனால் செவ்வாய் என்றால் அவர், அவர் என்றால் செவ்வாய் என்று ஆகிவிட்டது.

ஏன் வாரம் ஒருமுறை? கஞ்சத்தனம் இல்லை. ஒலிநாடா என்ற பொருள் அப்போது நிலையங்களுக்கு வரவில்லை. பாடகர் நேரில் வந்து நின்று பாட வேண்டும். தினம் தினம் யார் வருவார்கள்? கேட்பவர் பக்கமும் அப்படித்தான். கிரிஸ்டல் பெட்டி என்ற எளிய ரேடியோவுக்கு மின்சாரமே வேண்டாம், ஆனால் காதில் மாட்டிய ஒருவருக்குத்தான் கேட்கும். வால்வுப் பெட்டி என்றால் ஊரே கேட்கலாம், ஆனால் பேட்டரி இறங்கிவிடும்.

பேட்டரி என்றதும் பெரியப்பா நினைவு வந்துவிட்டது. தலைவர் ஐயா ஐந்து நிமிடம் மன்னிக்க வேண்டும்.

1955 வாக்கு. டர்பன் கேட்டோ மேனரில் தகரக் கூரை வீடு. பெரியப்பா துணி ஆலையில் வேலை. யாரோ வேண்டாம் என்று தள்ளிய வால்வு ரேடியோவை வாங்கி வந்துவிட்டார். வீட்டில் கரண்ட் கிடையாது. சனிக்கிழமை பேட்டரியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் கராஜில் சார்ஜ் போட்டுவிட்டு வருவார். ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்கலாம், அப்புறம் குரல் இளைத்துக்கொண்டே போய் நின்றுவிடும். அந்த ஒரு மணிக்காக அக்கம்பக்கத்தில் இருபது பேர் தத்தம் பெஞ்சோடு வருவார்கள். சிற்றலையில் தமிழ் வருகிறதாம், ஆலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று ஞாயிறு முள்ளைத் திருப்பிப் பார்த்தார். வந்ததெல்லாம் பக்கத்து மொசாம்பிக்கின் லோரன்சோ மார்க்கஸ் நிலையத்தின் ஆங்கிலப் பாட்டுத்தான்.

நாலாம் ஞாயிறு. ஆயாவின் கறுப்புக் கோழி கூண்டிலிருந்து தப்பிக் கூரை மேலே ஏறிக்கொண்டது. பெரியப்பாவைப் பிடித்துவரச் சொன்னாள். மேலே போனவர் கோழியைப் பார்த்தாரா, ஏரியல் கம்பியைப் பார்த்தாரா? மாமரத்திலிருந்து வந்த கம்பி தொய்ந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தார். அவ்வளவுதான், உள்ளே பெட்டியிலிருந்து நாதஸ்வரம்! இருபது பேரும் எழுந்துவிட்டார்கள். பெரியப்பா சந்தோஷத்தில் கம்பியை விட்டுவிட்டு இறங்கப் பார்த்தார். நாதஸ்வரம் போய்விட்டது. மறுபடி பிடித்தார், வந்தது. விட்டார், போனது. அவர் உடம்பே ஏரியல் ஆகிவிட்டது என்பது அப்புறம்தான் புரிந்தது.

'வந்துச்சா?' 'வருது, விட்டுடாதே!' 'என்ன வருது?' 'நாயனம்!' 'யாரு?' 'பேர் சொல்லலே!' இப்படியே அரை மணி நேரம். ஒரு கையில் கம்பி, ஒரு காலடியில் கோழி. கீழே எல்லாரும் கண்மூடிக் கேட்கிறார்கள். ரேடியோ வாங்கின மனுஷனுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒன்பது வயதுப் பையன், ஏணியில் பாதியில் நின்றுகொண்டு உள்ளே வருவதை மேலே சொல்லும் வேலை எனக்கு. பாட்டை எப்படிச் சொல்வது? 'பீ பீ' என்று ஊதிக் காட்டினேன். நடுவில் ஒரு பெண் குரல் தமிழில் ஏதோ அறிவித்தது. ஆயாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அது கொழும்பா, இந்தியாவா என்று எங்கள் குடும்பத்தில் இன்றுவரை வழக்குத் தீரவில்லை.

பேட்டரி இறங்கியது, பெரியப்பாவும் இறங்கினார். கையில் கோழி இல்லை. அப்போதுதான் ஆயா அந்தப் பழமொழியைச் சொன்னாள். பெரியப்பா விடவில்லை. 'கோழியை விட்டேன் அம்மா, வைகுண்டத்தைப் பிடிச்சேனே' என்றார். அடுத்த ஞாயிறு முதல் கம்பி பிடிக்க முறை வைத்தார்கள். வாரம் ஒரு வீட்டுக்காரர் கூரை ஏற வேண்டும். யாரும் மறுத்ததாக நினைவில்லை.

இரண்டாவது விஷயம், காசு. நம் நாட்டில் 1924 இல் மூன்று நிலையங்கள். ஜூலை 1 அன்று ஜோகனஸ்பர்க், செப்டம்பர் 15 அன்று கேப் டவுன், டிசம்பர் 10 அன்று நம் டர்பன். டர்பன் நிலையத்தை நடத்தியது நகரசபை. ரேடியோ வைத்திருப்பவர் கட்டும் உரிமக் கட்டணத்தை நம்பி நடத்தினார்கள். கட்டணம் கட்டாமல் கேட்டவர்கள் ஏராளம், நிலையங்கள் நொடித்தன. 1927 இல் நாடகக் கொட்டகை, சினிமாக் கொட்டகை முதலாளி ஷ்லெசிங்கரின் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1936 இல் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி வந்தது. அந்தக் கணக்கு இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அதே 1924 இல் சென்னையில் கிருஷ்ணசாமிச் செட்டியார் ரேடியோ கிளப் ஒன்றைத் தொடங்கி ஒலிபரப்பினார். அதுவும் காசில்லாமல் 1927 இல் நின்றது. 1930 இல் சென்னை மாநகராட்சி அந்தக் கருவியை வைத்து நடத்தத் தொடங்கியது. சாயங்காலம் பாட்டு, ஞாயிறு காலை இசைத்தட்டு, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அரை மணி. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். பெட்டி வாங்க முடியாதவனும் மணலில் உட்கார்ந்து கேட்டான். இங்கேயும் நகரசபைதான் நடத்தியது. அதன் தெருக்களைக் கூட்டிய நம்மவர்கள் மேகசின் பாரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்தார்கள். வேலை செய்தது நகரசபைக்கு, குடியிருந்தது நகரசபை இடத்தில். ஆனால் அந்த நிலையம் வெள்ளைக்காரர் வீட்டுக் கூடத்தை நினைத்து நடந்தது. பாரக்ஸ் வாசலில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய் கட்ட யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆப்ரிக்கான்ஸ் பேசுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் பாஷைக்கு இடம் எங்கே என்று கேட்டார்கள். 1937 இல் தனி ஒலிபரப்பு கிடைத்தது. இந்தியருக்கென்று ரேடியோ லோட்டஸ் வந்தது 1983 இல். எண்ணிப் பாருங்கள், டர்பனில் முதல் ஒலிபரப்புக்கு ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து. அதிலும் தமிழுக்கு ஒரு பங்கு, அதிலும் பாதி ஆங்கிலத்தில் பேச்சு.

இப்போது நான் எதற்கு வருகிறேன் என்று பின்வரிசைத் தம்பிகளுக்குத் தெரிந்துவிட்டது, சிரிக்கிறார்கள். சிரியுங்கள். நம் நாட்டு 1996 அரசியலமைப்பின் ஆறாம் பிரிவில் மதிப்பும் வளர்ச்சியும் பெற வேண்டிய மொழிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் தமிழ் என்ற பெயர் இருக்கிறது. டர்பனில் இந்திக்காரர்கள் ஹிந்த்வாணி என்று சொந்தமாகச் சமூக வானொலியே நடத்துகிறார்கள். நம் கூட்டங்களில் என்ன பேசுகிறோம்? இருபத்துநாலு மணி நேரத் தமிழ் வானொலி வேண்டும், சாட்டிலைட் வேண்டும், தொலைக்காட்சி வேண்டும். தீர்மானம் போட்டுவிட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன்... மீதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நல்லது.

நான் கேட்பது வாரத்தில் அரை மணி. இருக்கிற ஏதாவது ஒரு சமூக வானொலியில், சனிக்கிழமை, முழுக்கத் தமிழில். பேசுவது பெரியவர்கள் இல்லை, இந்தப் பள்ளிப் பிள்ளைகள். நேரடி ஒலிபரப்பு, எழுதி வைத்துப் படிக்க வேண்டும், ஆங்கில எழுத்தில் எழுதக் கூடாது. அந்த ஒரு விதிக்காகத்தான் இவ்வளவு பேச்சும். சனிக்கிழமை மைக் முன்னால் நிற்க வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளை தமிழ் எழுத்தைத் தடவியாவது படித்துத்தான் ஆக வேண்டும். தேவாரக் குழுவில் நான் எண்ணிய இரண்டு பேர் எட்டுப் பேராக வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு நிலையத்துக்கு எழுதிப் பார்த்தேன். 'கேட்பதற்கு ஆள் இருக்கிறார்களா' என்று பதில் வந்தது. எங்கள் பெரியப்பா அரை மணி நேரம் தான் கேட்காமல் கம்பி பிடித்தார் என்று அவர்களுக்கு எப்படி விளக்குவது?

அதோடு இன்னொன்று. உங்கள் கராஜில் பழைய ஸ்பூல் டேப், கேசட் இருக்கும். கலியாண நாயனம், காவடிப் பாட்டு, கஞ்சி ஊற்றும்போது பாடியது, ஆயா தாலாட்டு. ஈரத்தில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. குப்பையில் போடுவதற்கு முன்னால் இங்கே கொண்டுவாருங்கள். முதல் ஆறு வாரத்துக்கு நிகழ்ச்சி அதிலேயே இருக்கிறது.

தலைவர் ஐயா கடிகாரத்தைத் தொட்டுவிட்டார். பெண்கள் குரல் மிச்சம் இருக்கிறது, அடுத்த ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட அது ஒரு காரணமாக இருக்கட்டும். வாசலில் கையெழுத்துத் தாள் வைத்திருக்கிறேன். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், போன தடவை இரண்டு போய்விட்டது. தமிழில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் தமிழில் போடுங்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கேளுங்கள், எழுதிக் காட்டும். பின்கட்டில் பீன்ஸ் கறி இறக்கியாகிவிட்டது, வாசனை இங்கே வருகிறது. வணக்கம்.